வெள்ளிக்கிழமைப் பிழைகள்

வெள்ளிக்கிழமை மத்தியானம் முதலாளி தொழுகைக்காக மடவளைக்குப் புறப்பட்டுப் போனதும், எங்கள் அலுவலகத்தில் ஒரு புருஷனும் பெண்சாதியும் பேசிக்கொள்வார்கள். பேச்சு என்றால் நீங்கள் நினைக்கிற பேச்சில்லை. பெண்சாதி வன்னியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். புருஷன் கட்டுகஸ்தோட்டையில், இரும்புக்கடை ஒன்றின் மேல்மாடியில், எனக்கு அடுத்த கதிரையில். டீச்சர் அங்கிருந்து தொலைபேசியில் ஓர் ஆங்கில எழுத்தைச் சொல்வார், இவர் இங்கிருந்து அதைத் திருப்பிச் சொல்வார். புள்ளி, கொலன், சாய்கோடு என்று அது கொஞ்ச நேரம் போகும். பிறகு வைத்துவிடுவார்கள்.

முதல் தடவை கேட்டபோது எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நான் பன்வில பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. எங்கள் லயத்தில் புருஷனும் பெண்சாதியும் பேசினால் நாலு வீடு தள்ளிக் கேட்கும். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிற பழக்கம் எனக்கும் இல்லை.

"சாப்பிட்டியான்னு ஒரு வார்த்த கேக்க மாட்டீங்களா அண்ணே?" என்று கேட்டேவிட்டேன்.

அவர் தாளில் எழுதியதைச் சரிபார்த்துக்கொண்டே பதில் சொன்னார். "அது உதவி நிறுவனத்தின்ர போன், தங்கச்சி. வேலைக்கு மட்டும்தான் தருவினம். பக்கத்தில ஆள் நிக்கும்."

அதற்குப் பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அண்ணன் என்று நான் கூப்பிட்டவர், சிறுநீரகக் கல்லுக்கு வைத்தியம் பார்க்க வன்னியிலிருந்து கண்டிக்கு வந்தவர். அவர் கட்டிலில் படுத்திருந்தபோதே வடக்குப் பாதையை மூடிவிட்டார்கள். கல் கரைந்தது, பாதை திறக்கவில்லை. டீச்சரின் பள்ளிக்கூடம் உட்பட அங்கிருந்த சில பள்ளிக்கூடங்களுக்கு ஓர் உதவி நிறுவனம் பழைய கணினிகளைக் கொடுத்திருந்தது. அவற்றில் தமிழில் பாடம் படிக்க மென்பொருள் செய்யும் வேலை எங்கள் முதலாளிக்குக் கிடைத்திருந்தது. அதைக் கேள்விப்பட்டு அண்ணன் ஒரு நாள் படியேறி வந்தார். சம்பளம் பற்றி அவர் வாய் திறக்கவில்லை. எந்தெந்தப் பள்ளிக்கூடம் என்று மட்டும் கேட்டார்.

அந்த உதவி நிறுவனத்தின் வன்னி அலுவலகத்தில் ஒரு சாட்டலைட் தொலைபேசி இருந்தது. கணினியில் ஏதாவது கோளாறு என்றால் பள்ளிக்கூடத்து ஆசிரியர் அங்கே போய், வேலை செய்கிற எங்களுக்கு அழைத்துச் சொல்லலாம். கோளாறு இல்லையென்றால் அழைக்க முடியாது. அழைப்புக்கு வெள்ளிக்கிழமை மத்தியானம்தான் நேரம் என்று முடிவுசெய்தது எங்கள் முதலாளி. தான் பள்ளிவாசலில் இருக்கும் நேரத்தை அவர் வேண்டுமென்றே கொடுத்தார் என்பது என் எண்ணம். கேட்டால் ஒப்புக்கொள்ளமாட்டார், அப்படி ஒரு மனுஷன்.

அண்ணன் எழுதியது ஒரு லைப்ரரி. தமிழ் எழுத்தைத் திரையில் உடையாமல் காட்டுவது, அகர வரிசையில் அடுக்குவது, தாளில் அச்சடிப்பது, இதையெல்லாம் ஒவ்வொரு மென்பொருளும் தனித்தனியாகச் செய்யாமல் ஒரே இடத்தில் செய்துவைத்து எல்லாவற்றுக்கும் கொடுப்பதற்குத்தான் எங்கள் தொழிலில் அந்தப் பெயர். கல்யாண வீட்டில் ஒருவர் தேங்காய் துருவி வைத்தால் பத்துக் கறிக்கும் எடுப்பதில்லையா, அப்படி. அண்ணன் துருவியதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் அதைக் கட்டி இன்னொரு வீட்டுக்கு அனுப்ப அவருக்குத் தெரியவில்லை. கட்டி அனுப்புகிற வேலையை முதலாளி என்னிடம் கொடுத்தார்.

முதல் சீடி உதவி நிறுவனத்தின் லொறியில் போய்ச் சேர்ந்தது. வந்த வெள்ளிக்கிழமையே டீச்சர் அழைத்தார். திரையில் வந்த பிழையைத் தாளில் பார்த்தெழுதிக் கொண்டுவந்து, எழுத்தெழுத்தாக வாசித்தார். கேட்கக் கேட்க அண்ணனின் காது சிவந்தது. கட்டுகஸ்தோட்டையில் அவருடைய மேசைக் கணினியில் எந்தக் கோப்புறையில் வைத்து அந்த லைப்ரரியை எழுதினாரோ, அதே கோப்புறையை வன்னிக் கணினியும் தேடியிருக்கிறது. அந்தக் கோப்புறைக்குப் போகும் பாதையை அவர் அப்படியே உள்ளே எழுதி வைத்திருந்தார். தன் வீட்டில் எல்லாம் சரியாக இருந்ததால் அது அவர் கண்ணில் படவேயில்லை.

எழுத வசதியாக அண்ணன் தொலைபேசியை ஸ்பீக்கரில் போட்டிருப்பார். அன்றைக்குத்தான் நான் கூர்ந்து கேட்டேன். டீச்சர் பிழையை மட்டும் வாசிக்கவில்லை.

"சாய்கோடு. பிறகு எச், ஓ, எம், ஈ. இஞ்ச நல்ல மழை. பிறகு திருப்பிச் சாய்கோடு."

"சாய்கோடு," என்றார் அண்ணன். "இருமல் விட்டிட்டுது. பிறகு?"

"பிறகு உங்கட பேர். சின்ன எழுத்தில. கிணறு நிரம்பிட்டுது. பிறகு எல், ஐ, பி."

அதே குரல், அதே வேகம். பக்கத்தில் நின்றவர் கவனித்தாரா, கவனித்தும் கவனிக்காததுபோல் இருந்தாரா தெரியாது. வாசித்து முடிந்ததும் அண்ணன், "அந்தக் கடைசி வரியைத் திருப்பி ஒருக்கா வாசியும்," என்றார். அந்த வரியை அவர் ஏற்கெனவே எழுதி முடித்திருந்தார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

பாதைப் பிழையைத் திருத்தினோம். அடுத்தது நேரம். கட்டி அனுப்பும் அந்தப் பெக்கேஜ், போய்ச் சேர்ந்த இடத்திலேயே கம்பைல் ஆக வேண்டும் என்று அண்ணன் வைத்திருந்தார். அதாவது, மாவை அனுப்பாமல் அரிசியை அனுப்பி அங்கே இடிக்கச் சொல்வது. அந்தப் பழைய கணினிகளில் அதற்கு நேரம் பிடிக்கும். ஜெனரேட்டருக்கு அவ்வளவு எண்ணெய் இல்லை. பாதியில் மின்சாரம் நின்றால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். டீச்சர் இரண்டு தடவை முயன்று இரண்டு தடவையும் பாதியில் இருண்டுபோனதாகச் சொன்னார். அங்கே எண்ணெய் என்ன விலை விற்றது என்று அண்ணனுக்குத் தெரியும்.

ஆகவே இங்கேயே கம்பைல் பண்ணி, முடிந்த சரக்கை அனுப்பினேன். அதுவும் படுத்துவிட்டது. எங்கள் புதுக் கணினியில் கட்டியதை அங்கிருந்த பழைய கணினி புரியாத கட்டளை என்று தள்ளிவிட்டது. அதே வயதில் ஒரு கணினி வேண்டும் என்று முதலாளியிடம் கேட்டேன். கடுகண்ணாவையில் ஒரு தொலைபேசிக் கடையின் மூலையில் கிடந்ததை வேனில் போட்டுக்கொண்டு வந்தார்.

"ஒன்ட மாமியார விட வயசு கூட," என்றார் என்னிடம். எனக்கு அப்போது கல்யாணமே ஆகவில்லை.

அந்தக் கிழட்டுக் கணினியை ஜன்னலோர மூலையில் வைத்தோம். இணைய வயரைப் பிடுங்கினோம். ஒவ்வொரு முறையும் அதிலிருந்த எல்லாவற்றையும் அழித்து, யாரும் தொடாத புதுக் கணினியாக ஆக்கி, சீடியைப் போட்டுப் பார்ப்பேன். அங்கே ஜெனரேட்டர் நிற்கும் நேரம் வந்ததும் அண்ணன் பிளக்கைக் கழற்றிவிடுவார். ஈவு இரக்கமே கிடையாது. "அங்க ஆரும் பொறுக்கமாட்டினம்," என்பார். அந்த மூலைக்கு நாங்கள் வைத்த பெயர் வன்னி. "வன்னி எழும்பிட்டுதோ?" "வன்னி படுத்துருச்சு அண்ணே." கீழேயிருந்து யாராவது படியேறும் சத்தம் கேட்டால் அந்தச் சொல்லை விழுங்கிவிடுவோம். காலம் அப்படி. நான் கைக்குழந்தையாக இருந்தபோது நடந்த கலவரத்தில் அம்மா என் வாயைப் பொத்திக்கொண்டு தேயிலைச் செடிக்குள் கிடந்தாராம். அதிலிருந்து பஸ்ஸில் சத்தமாகப் பேசினால் அவர் என்னைக் கிள்ளுவார். வளர்ந்த பிறகும் கிள்ளினார்.

ஒரு வெள்ளிக்கிழமை அண்ணன் இல்லை. அதற்கு முந்திய நாள் அவர் அறை எடுத்திருந்த தெருவைச் சுற்றிவளைத்து, வடக்கு விலாசம் உள்ளவர்களைப் பொலிசுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். முதலாளி தொழுகைக்குப் போகாமல் பொலிஸ் நிலையத்துக்குப் போயிருந்தார். நான் தனியாக உட்கார்ந்திருந்தேன். தொலைபேசி மணி அடித்தது.

"அவர் இல்லையே?" என்றார் டீச்சர்.

"பொலிஸ்ல பதியப் போயிருக்காரு டீச்சர். மொதலாளியும் கூடத்தான் போயிருக்காரு. வந்துருவாரு," என்றேன். பதிவதற்கு முதலாளி எதற்கு என்று டீச்சருக்குத் தெரியாமல் இருக்குமா?

டீச்சர் தாளை விரிக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "எழுதும் தங்கச்சி," என்றார். பிழை முழுவதையும் எழுத்தெழுத்தாக, ஓர் எழுத்தும் தடுமாறாமல் வாசித்தார். இந்தப் பெக்கேஜுக்கு இன்னொன்று வேண்டுமாம், அதற்கு மூன்றாவது வேண்டுமாம். அரசாங்கக் கந்தோரில் ஒரு கையெழுத்துக்குப் போனவனை அந்த அறைக்குப் போ, இந்த அறைக்குப் போ என்று அலைக்கழிப்பதைப்போல. மழையைப் பற்றியோ கிணற்றைப் பற்றியோ ஒரு வார்த்தை இல்லை. வைக்கும்போது மட்டும், "நான் வடிவா வாசிச்சனான் எண்டு அவரிட்டச் சொல்லும்," என்றார்.

அண்ணனைச் சாயங்காலம் விட்டுவிட்டார்கள். நேரே அலுவலகத்துக்கு வந்தார். டீச்சர் சொன்னதைச் சொன்னேன். சட்டைப் பொத்தான் ஒன்று அறுந்திருந்தது. அதைத் தடவிக்கொண்டே, "அவ எப்பவும் வடிவாத்தான் வாசிப்பா," என்றார்.

அந்த இரண்டாவது, மூன்றாவது, அவை கேட்ட மற்றவை எல்லாவற்றையும் தேடிப் பிடித்து ஒரே சீடிக்குள் அடக்க எனக்குப் பல வாரம் பிடித்தது. ஒரே கட்டளையில் எல்லாம் வரிசையாக இறங்க வேண்டும், வெளியிலிருந்து ஒரு துண்டும் கேட்கக் கூடாது. இதற்கிடையில் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பிழை சின்னதாகிக்கொண்டே வந்தது. முன்பு ஒரு பக்கம் வாசித்த டீச்சர், பிறகு நாலைந்து வரி வாசித்தார். பிறகு இரண்டு வரி. அவர்களுடைய பேச்சும் அதோடு குறைந்தது. மழை வந்ததா என்று சொல்லவே இடமில்லாமல் போனது. எனக்கு அது தெரிந்தது. அவருக்குத் தெரியாதா?

"அண்ணே," என்றேன் ஒரு நாள், "எல்லாத்தையும் சரி பண்ணிட்டா அப்புறம் எத வச்சுப் பேசுவீங்க? ஒரு பிழைய விட்டு வைங்க. ரொம்பப் பெருசா வேணாம், மாசத்துக்கு ஒருக்கா வாற மாதிரி."

பகிடியாகத்தான் சொன்னேன். அவரும் சிரித்தார். சிரித்துவிட்டு, "தெரிஞ்சுகொண்டு பிழை விட ஏலாது தங்கச்சி," என்றார். "ஒவ்வொரு தரமும் அவ அந்தப் பிள்ளையளைக் கூட்டி வச்சிருப்பா. எண்ணெய் ஊத்தி, எல்லாரும் பாத்துக்கொண்டிருக்க அது படுக்கும். அவ என்னெண்டு அதுகளின்ர முகத்தைப் பாக்கிறது?"

அன்றைக்கே அவர் என் கண்ணிலிருந்து தப்பிய இன்னொரு பிழையையும் கண்டுபிடித்துத் திருத்தினார். அப்படி ஒரு மனுஷன் அவர். எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று சொல்லத் தெரியவில்லை.

கடைசியாக எங்கள் மூலையில் வன்னி ஒரு முறையும் படுக்காமல் எழும்பியது. அழித்துப் போட்டேன், எழும்பியது. மறுபடி அழித்துப் போட்டேன், எழும்பியது. முடிந்ததும் திரையில் தமிழில் ஒரு வரி வர வேண்டும் என்று அண்ணன் கேட்டதால் 'நிறைவுற்றது' என்று போட்டேன். முதலாளி கேக் வாங்கி வந்தார். சீடி லொறியேறியது.

டீச்சர் அழைத்த அந்த வெள்ளிக்கிழமை நானும் பக்கத்தில் இருந்தேன்.

"இஞ்சருங்கோ, வந்திட்டுது," என்றார்.

"எல்லாத்திலயுமோ?"

"ஓம், எல்லாத்திலயும். ஒரு கேள்வியும் கேக்கேல்லை. எண்ணெயும் மிச்சம். கடைசியில தமிழில வந்து நிண்டது. பிள்ளையள் கைதட்டினதுகள்."

"எச்சரிக்கை ஏதும் வந்ததே?"

"இல்லை."

"திரையில மேல போய்ப் பாத்தனீரோ? சிலவேளை நடுவில வந்து மறைஞ்சு போகும்."

"பாத்தனான். ரெண்டு தரம் பாத்தனான். ஒண்டுமில்லை."

அதற்குப் பிறகு இரண்டு பேருக்கும் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. வாசிப்பதற்கு வரி இல்லாமல் அவர்களுக்குப் பேச வரவில்லை. பழக்கம் விட்டுப்போயிருந்தது. அங்கே யாரோ, "முடிஞ்சுதோ டீச்சர்?" என்று கேட்டது எனக்கும் கேட்டது.

"ஓம், முடிஞ்சுது," என்று அங்கே கேட்டவருக்குச் சொல்லிவிட்டு, "அப்ப வைக்கட்டே?" என்றார் டீச்சர்.

"வையும்," என்றார் அண்ணன்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவர் தாளும் பேனையும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மணி அடிக்கவில்லை. அதற்கடுத்த வெள்ளிக்கிழமையும் அடிக்கவில்லை. நான் முதலாளியிடம் போய்ச் சண்டை பிடித்தேன். அவர் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"வேல முடிஞ்சின்டு அவங்க எழுதி வெச்சிட்டாங்க புள்ள. இனி எனத்தச் செல்லி கோல் எடுக்கிற? நான் ரெண்டு தரம் கேட்டுப் பாத்துட்டன்."

பிறகு எனக்கு ஒரு வழி தோன்றியது. லைப்ரரியில் புதிதாக ஏதாவது சேர்த்து, புதுப் பதிப்பு என்று அனுப்பினால் டீச்சர் அதைப் போட்டுப் பார்த்துச் சொல்லத்தானே வேண்டும்? அதில் பொய் இல்லை. கணக்குக் குறிகளைத் தமிழ் வரிகளுக்கிடையில் அச்சடிக்க வழி செய்யலாம் என்றேன். கணக்கு டீச்சருக்கு அது உண்மையாகவே தேவைதான். அண்ணனின் முகம் தெளிந்தது. நாங்கள் இரண்டு பேரும் அதில் விழுந்தோம். அவ்வளவு சுறுசுறுப்பாக அவர் வேலை செய்து நான் பார்த்ததில்லை. பாதி முடிந்திருந்தபோது, உதவி நிறுவனங்கள் எல்லாம் வன்னியை விட்டு வெளியேற வேண்டும் என்று அரசாங்கம் அறிவித்தது. லொறி போய்விட்டது, தொலைபேசியும் போய்விட்டது.

அதற்குப் பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும். செய்தியில் ஊர்ப் பெயர்கள் ஒவ்வொன்றாக வந்தன. அண்ணன் ஒவ்வொரு பெயருக்கும் வரைபடத்தில் விரலை வைப்பார். விரல் கிழக்குப் பக்கமாகக் கடலை நோக்கி நகர்ந்துகொண்டே போனது. ஒரு கட்டத்தில் அவர் வரைபடத்தைச் சுருட்டி அலுமாரிக்கு மேல் வைத்துவிட்டார்.

யுத்தம் முடிந்த அன்று கட்டுகஸ்தோட்டைச் சந்தியில் பட்டாசு கொளுத்தினார்கள். கீழேயிருந்த இரும்புக்கடையில் பாற்சோறு ஆக்கி, எங்களுக்கும் ஒரு தட்டில் வாழையிலை போட்டு அனுப்பினார்கள். நல்ல மனுஷர்கள், எப்போதும் எதைச் செய்தாலும் எங்களுக்கும் அனுப்புகிறவர்கள். வாங்கிக்கொண்டோம். வாங்காமல் இருக்கக்கூடிய நாளா அது? அண்ணன் ஒரு துண்டை எடுத்து வாயில் வைத்து விழுங்கினார். அதைப் பார்த்த பிறகு என்னால் சாப்பிட முடியவில்லை.

அவர் வவுனியாவுக்குப் போனார். முகாம் முகாமாகக் கம்பி வேலியில் நின்று பெயர் சொல்லிக் கேட்டார். மாதக்கணக்கில் வரவில்லை. அவருடைய மேசையை முதலாளி யாருக்கும் கொடுக்கவில்லை. மூலையிலிருந்த கிழட்டுக் கணினியை நான் தினமும் துடைத்தேன். வேறு என்ன செய்வது?

திரும்பி வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. முதலாளி பள்ளிவாசலுக்குப் போயிருந்தார். அண்ணன் தன் கதிரையில் வந்து உட்கார்ந்தார். நான் ஒன்றும் கேட்காமலே சொன்னார். டீச்சரோடு படிப்பித்த இன்னொரு டீச்சரை ஒரு முகாமில் கண்டாராம். கடைசி மாதங்களில் ஒரு நாள், தண்ணீர் எடுக்க வரிசையில் நின்றபோது செல் குண்டு விழுந்ததாம். தன் கையாலேயே மண் போட்டதாக அந்த டீச்சர் சொன்னாராம்.

நான் அழுதேன். அவர் அழவில்லை. அழுது முடித்துவிட்டு வந்திருந்தார் என்று நினைக்கிறேன்.

"சீடியை அவ தன்ர பையிலதான் வச்சிருந்தவவாம்," என்றார். "பள்ளிக்கூடம் இடம்பெயர இடம்பெயர, போற இடத்தில ஒரு கொம்பியூட்டரும் கொஞ்ச எண்ணெயும் கிடைச்சால் போட்டு விடுவாவாம். ஒரு இடத்திலயும் கரைச்சல் தரேல்லையாம்."

"நல்லாக் கட்டியிருந்தம் அண்ணே," என்றேன். வேறு என்ன சொல்வது என்று தெரியாமல் சொன்னேன்.

"ஓம். நல்லாக் கட்டினனீர்." அவர் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "உதவி நிறுவனம் வெளிக்கிட முந்தி, முதல் ரெண்டு மூண்டு இடத்துக்கும் அவையின்ர அலுவலகம் கிட்டத்தானாம். போனும் இருந்ததாம். ஒவ்வொரு தரமும் எல்லாம் முடிஞ்சாப் பிறகும் அவ திரையை விட்டு எழும்பமாட்டாவாம். மேல போய், கீழ வந்து, ஒவ்வொரு வரியாப் பாப்பாவாம். எல்லாம் சரிதானே, என்ன தேடுறியள் எண்டு மற்ற டீச்சர் கேட்டவவாம். ஒண்டுமில்லை எண்டு சொல்லிப்போட்டு எழும்பிப் போவாவாம்."

கீழே யாரோ கம்பி வெட்டும் சத்தம் கேட்டது. அவர் என் பக்கம் திரும்பினார்.

"நீர் அண்டைக்குச் சொன்னனீர், தங்கச்சி. ஒரு பிழை விட்டிருக்கலாம்."